எஃகு முட்டைகள்

பெர்லின்,
3 டிசம்பர் 1881

அன்புள்ள தம்பி காஸ்பருக்கு,

இங்கு நானும் உன் அண்ணி ஹென்ரியட்டேயும் சுகம். என் தொண்டைக் கட்டு மட்டும் இந்நகரத்து நிலக்கரிப் புகையோடு நெடுங்கால ஒப்பந்தம் செய்துகொண்டதுபோல் விலக மறுக்கிறது. நீயும் டோரோதெயாவும் சுகமாயிருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

உன் வரைபடம் வந்து சேர்ந்தது. சக்கரத்தின் அச்சைச் சுற்றி உருளும் எஃகுக் குண்டுகளை ஒவ்வொன்றாகக் கடைந்து கையால் தேய்ப்பதற்குப் பதிலாக, இரண்டு தட்டுகளுக்கு நடுவே மொத்தமாக இட்டு, எல்லாம் ஒரே அளவாகவும் பிசகில்லாத உருண்டையாகவும் அரைத்தெடுக்க உன்னால் முடியுமானால், மிதிவண்டிகள் மட்டுமல்ல, அச்சில் சுழலும் எதுவுமே ஷ்வைன்ஃபுர்ட்டில் உன் வாசலைத் தேடி வரும். ஆனால் நியூரம்பெர்க்கின் எர்ல்வைன் தொழிற்சாலையும் அதே குண்டுகளுக்காகக் காத்திருக்கிறது. காப்புரிமை உன் பெயரில் பதிவாகாவிட்டால் ஓராண்டுக்குள் அவர்கள் உன் இயந்திரத்தை நூறு மடங்காகப் பெருக்குவார்கள். நீ அவர்களிடமே கூலிக்குச் சேர நேரும்.

ஆகவே சட்டம் சொல்வதை மனத்தில் கொள். விண்ணப்பிக்கும் நாளுக்கு முன், தொழில் தெரிந்த பிறர் பார்த்துச் செய்துகொள்ளத்தக்க வகையில் ஒரு பொருள் வெளிப்படையாகப் பயன்படுத்தப்பட்டிருந்தால், அது புதியது ஆகாது. வெளியார் எவருக்கும் இயந்திரத்தைக் காட்டாதே.

இன்னொன்று. உன் தையல் இயந்திர மிதியைப் பற்றி ஏழு கடிதம் எழுதினாய்; மிதி வரவில்லை. பனிச்சறுக்கு வண்டியின் கதையும் அதுவே. இம்முறை முடிந்த காரியத்தை மட்டும் எனக்கு எழுது.

உன் நலம் நாடும் அண்ணன்,
எபர்ஹார்ட் டெர்லெத்


ஷ்வைன்ஃபுர்ட்,
22 ஜனவரி 1882

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

இங்கு இருவரும் நலம். உங்கள் தொண்டைக்கு டோரோதெயா முள்ளங்கிச் சாறும் தேனும் சொல்கிறாள். பெர்லின் மருத்துவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும் என்கிறாள்.

மைன் ஆறு கரையோரம் உறைந்துவிட்டது. சென்ற சனிக்கிழமை எங்கள் பன்றி விருந்து. இம்முறை பன்றி நல்ல கனம். வீட்டுக் கூடம் விருந்துப் பலகையின் நீளத்துக்குப் போதாததால், பட்டறையிலேயே முக்காலிகள் மேல் பலகையைப் போட்டோம். தெருக்கோடி விடுதிக்காரர் பங்கிராட்ஸ் வழக்கம்போல் தலைமாட்டில் உட்கார்ந்து பாட்டுக் கட்டினார். வயிற்றுக்கறியில் தொடங்கித் தலைக்கறி, காது என்று ஒவ்வொரு சுற்றாகப் பலகைமேல் குவிக்கக் குவிக்க, எல்லோரும் தட்டில்லாமல் பலகையிலேயே வெட்டி, உப்பில் தொட்டுச் சாப்பிட்டார்கள். நீங்கள் இல்லாத குறை பலராலும் பேசப்பட்டது.

இயந்திரத்தில் சிறு திருத்தம் ஒன்று தேவைப்படுகிறது. மற்றபடி எழுத ஒன்றுமில்லை.

தங்கள் அன்புத் தம்பி,
காஸ்பர்


பெர்லின்,
6 பிப்ரவரி 1882

அன்புள்ள தம்பி காஸ்பருக்கு,

முள்ளங்கிச் சாறு வேலை செய்கிறது என்பதை டோரோதெயாவிடம் தெரிவி; மருத்துவர்களிடம் நான் தெரிவிக்கவில்லை. உங்கள் இருவர் உடல்நலமும் இப்படியே நீடிக்கட்டும்.

உன் கடிதத்தை இருமுறை படித்தேன். முதல் முறை வாயில் நீர் ஊறியது. இரண்டாம் முறை, பலகை பட்டறையில் போடப்பட்டது என்ற இடத்தில் நின்றுவிட்டேன். இயந்திரமும் அங்கேதான் நிற்கிறது. அன்று அது மூடியிருந்ததா? விருந்தினரில் எவரேனும் அதைத் தொட்டாரா, ஓடக் கண்டாரா? ஐயத்தினால் கேட்கவில்லை, நாளை இதே கேள்வியை வேறொருவர் கேட்கும்போது என் கையில் விடை இருக்க வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன்.

பதிலை எதிர்நோக்கும்,
எபர்ஹார்ட்


ஷ்வைன்ஃபுர்ட்,
19 மார்ச் 1882

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். எல்லோரும் நலம், என் இடது கட்டைவிரலில் மட்டும் ஒரு தீக்காயம், அதுவும் ஆறிவருகிறது.

முடிந்த காரியத்தை மட்டும் எழுதச் சொன்னீர்கள். முடிந்தது. இத்துடன் உள்ள சிறு பெட்டியில் மூன்று குண்டுகள். மூன்றும் ஒரே தடவையில் இட்டு அரைத்தவை. எந்தப் பக்கம் அளந்தாலும் ஒன்றே. சுழலும் தட்டை நடுவிலிருந்து சற்று விலக்கிப் பொருத்தினேன். இப்போது குண்டு ஒரே கோட்டில் ஓடாமல் புரண்டு புரண்டு எல்லாப் பக்கமும் தேய்கிறது. இந்த விலக்கல்தான் இயந்திரத்தின் உயிர். புதிய வரைபடமும் வைத்திருக்கிறேன்.

இந்த இயந்திரத்தை என்னையும் டோரோதெயாவையும் தவிர ஒருவரும் பார்த்ததில்லை. பட்டறைக் கதவு பூட்டியே இருக்கிறது. மதிய உணவு ஜன்னல் வழியாக வருகிறது. நீங்கள் தயங்காமல் கையெழுத்திடலாம்.

தங்கள்,
காஸ்பர்


பெர்லின்,
24 ஏப்ரல் 1882

அன்புள்ள தம்பி காஸ்பருக்கு,

உன் விரல் ஆறியிருக்கும் என்று கருதுகிறேன். ஈஸ்டர் இங்கு மழையோடு கழிந்தது. அங்கே எப்படி?

உன் குண்டுகளில் ஒன்றைக் கண்ணாடித் தகட்டின்மேல் உருட்டினேன். பிறகு இன்னொன்றை. பிறகு, இதை எழுதுவதில் எனக்குச் சிறு கூச்சம் உண்டு, கட்சிக்காரர் ஒருவரை வெளியே காக்க வைத்துவிட்டு அரைமணி நேரம் அதையே செய்துகொண்டிருந்தேன். அது நேராகச் செல்கிறது, காஸ்பர். தன் வழியை அறிந்த மனிதனைப்போல் செல்கிறது.

விண்ணப்பம் இன்று பதிவாயிற்று. பொருள் புதியது, இதற்குமுன் வெளிப்படையாகப் பயன்படாதது என்று உன் பிரதிநிதியாக என் பெயரில் உறுதியளித்துள்ளேன். விருந்து பற்றிய என் கேள்விக்கு நீ நேரடியாக விடை தரவில்லை என்பதை மறக்கவில்லை. ஆயினும் ஒருவரும் பார்த்ததில்லை என்ற உன் வாக்கியம் தெளிவானது. அதன்மேல் என் கையெழுத்து நிற்கிறது. ஆட்சேபத்துக்கான காலம் கழிந்ததும் காப்புரிமை கிடைக்கும். எனக்கு அதில் ஐயமில்லை.

உன் அண்ணன்,
எபர்ஹார்ட்


பெர்லின்,
11 ஜூலை 1882

தம்பி காஸ்பருக்கு,

நலம் விசாரித்து எழுதும் மனநிலையில் இல்லை, ஆனாலும் விசாரிக்கிறேன்.

எர்ல்வைன் தொழிற்சாலை ஆட்சேபம் தாக்கல் செய்திருக்கிறது. ஜனவரி மாதம் உன் பட்டறையில், விருந்துக்கு வந்த பலர் முன்னிலையில், இயந்திரம் ஓட்டப்பட்டது. அதிலிருந்து பிசகற்ற குண்டுகள் வெளிவந்தன. ஆகவே இது புதியதன்று. இதுவே அவர்கள் வாதம். சாட்சி ரூப்ரெஷ்ட் என்ற அரம் விற்பவர். உன் பலகையில் உட்கார்ந்து உன் கறியைத் தின்றவர்.

இது பொய்யானால் உடனே எழுது. உண்மையானால் அதைவிட விரைவாக எழுது. தவறான உறுதிமொழி அளித்த வழக்கறிஞனாக நான் விசாரணை அறையை விட்டு வெளியேறுவது ஒரு பக்கம் இருக்கட்டும். உன் பட்டறை உன் கையை விட்டுப் போகும்.

எபர்ஹார்ட்


பெர்லின்,
7 ஆகஸ்ட் 1882

தம்பி காஸ்பருக்கு,

என் சென்ற கடிதம் உன்னை வந்து சேர்ந்தது என்று தபால் நிலையம் உறுதி செய்கிறது. காப்புரிமை அலுவலகத்தில் விசாரணை செப்டம்பர் இறுதியில். நீ உடல்நலமின்றி இருப்பதாயின் அதையேனும் யாராவது எழுதட்டும்.

எபர்ஹார்ட்


ஷ்வைன்ஃபுர்ட்,
13 ஆகஸ்ட் 1882

மரியாதைக்குரிய பெரியத்தான் அவர்களுக்கு,

டோரோதெயாவின் வணக்கம். அக்கா ஹென்ரியட்டேயையும் கேட்டதாகச் சொல்லுங்கள். உங்கள் தம்பி உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் இரண்டு கடிதங்களையும் படித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். எழுத உட்காருகிறார், எழுந்துவிடுகிறார். ஆகவே நான் எழுதுகிறேன். எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன். கூடாது என்று அவர் சொல்லவில்லை.

வெளியாருக்குக் காட்டாதே என்றீர்கள். நம் பலகையில் சாப்பிடுகிறவரை எங்கள் ஊரில் வெளியார் என்று யார் எண்ணுவார்கள்? அன்று இயந்திரத்தை மூலையில் போர்வை போட்டு மூடித்தான் வைத்திருந்தார். மூன்றாவது சுற்றுக் கறி வந்தபோது பங்கிராட்ஸ் தொடங்கினார்: "ஏ காஸ்பரு, அங்க போர்வை போத்திப் படுக்க வெச்சிருக்கியே, அது என்ன, இன்னொரு பன்னியா?"

அதற்கு அந்த ரூப்ரெஷ்ட், "பன்னியா இருந்தா இந்நேரம் கத்தியிருக்கும். இவரு செய்ற மிஷினு கத்தக்கூடக் கத்தாதே" என்றார்.

போர்வையை இழுத்துவிட்டார் உங்கள் தம்பி. பட்டையை மாட்டி ஓட்டினார். வந்த குண்டுகளை என் சமையல் மேலாடையில் துடைத்து, பலகையின் ஒரு முனையிலிருந்து தானே ஒன்றை உருட்டினார். அது கொஞ்ச தூரம் போய், நொண்டி, திரும்பி, காரமுள்ளங்கிக் குவியலுக்குள் புகுந்துகொண்டது. அடுத்தது புளித்த முட்டைக்கோசுக்குள். மூன்றாவது தரையில். பங்கிராட்ஸ் ஒன்றை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "காஸ்பரு, இது குண்டு இல்லப்பா, முட்டை. அடைக்கு வெச்சா குஞ்சு பொரிக்கும்."

உத்தரம் அதிரச் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அதன் பிறகு கறியைத் தொடவில்லை. பங்கிராட்ஸ் ஒரு கைப்பிடி முட்டைகளை அள்ளிக்கொண்டு போய்த் தம் விடுதியில் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்திருக்கிறார். அவை இன்றும் அங்கேயே இருக்கின்றன. தெருவில் இவர் போனால் கோழிபோல் கொக்கரிக்கிறார்கள்.

சரியான இயந்திரம் அதற்குப் பிறகு வந்தது. ஈஸ்டருக்கு முந்தைய பெருநோன்பின்போது ஒரு ஞாயிறு நான் உருளைக்கிழங்கு மாவை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக்கொண்டிருந்தேன். இவர் வாசலில் நின்று என் கைகளையே பார்த்தார். "உருண்டை பிடிக்கறத என்ன இப்பதான் பாக்குறீங்களா?" என்றேன். "மேல் கைய நடுவுல வெக்காம சுத்துறியே" என்றார். சாப்பிடாமலே பட்டறைக்குப் போனார். மறுநாள் கதவுக்குப் பூட்டு வாங்கினார்.

ஈஸ்டர் காலையில் எங்கள் வாசற்படியில் வைக்கோல் கூடு ஒன்று. குழந்தைகளுக்குச் சாயமிட்ட ஈஸ்டர் முட்டை வைப்பார்களே, அதைப்போல. உள்ளே, அந்த எஃகு முட்டைகளில் ஒன்று, சிவப்புச் சாயம் பூசி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவர் பையில் அன்று பிசகில்லாத உருண்டைக் குண்டு இருந்தது, பெரியத்தான். அதை எடுத்து, தெருவில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் முகத்துக்கு நேரே காட்டுங்கள் என்றேன். "காட்டுனா அண்ணன் எழுதித் தரப்போற வாக்கு பொய்யாயிடும். சிரிச்சுட்டுப் போகட்டும் விடு" என்றார்.

இதை ஏன் உங்களுக்கு எழுதவில்லை என்று நானும் கேட்டேன். "முடிஞ்சத மட்டும் எழுதச் சொன்னாரு" என்றார். அவ்வளவுதான்.

பணிவுடன்,
டோரோதெயா


பெர்லின்,
17 ஆகஸ்ட் 1882

அன்புள்ள தம்பி காஸ்பருக்கு,

நீயும் டோரோதெயாவும் நலம் என்று அறிந்தேன். அதைவிட அதிகமும் அறிந்தேன்.

இரவு உணவின்போது அவள் கடிதத்தை ஹென்ரியட்டேவுக்குப் படித்துக் காட்டினேன். காரமுள்ளங்கி வந்த இடத்தில் அவள் சிரித்தாள். வைக்கோல் கூடு வந்த இடத்தில் சிரிப்பை நிறுத்தினாள்.

சட்டத்தின் நிலையைச் சொல்கிறேன். ஜனவரியில் ஓடியது வேறு இயந்திரம். தட்டின் விலக்கல் அப்போது உன் மனத்திலேயே இல்லை. மேலும், பொதுவாக ஒரு ரகசியம் காக்கப்பட்டது என்று மெய்ப்பிப்பது மிகக் கடினம். இல்லாத ஒன்றுக்குச் சாட்சி தேடவேண்டும். உனக்கோ ஒரு ஊரே சாட்சி. அவர்கள் இன்றும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதே உன் கதவு பூட்டியிருந்தது என்பதற்கு ஆதாரம். முப்பதாண்டுத் தொழிலில் இதைவிட உறுதியான ஆதாரத்தை நான் கையில் ஏந்தியதில்லை.

ஆனால் இதைப் பயன்படுத்தினால் முட்டைகளின் கதை பெர்லினில், தொழில் வல்லுநர் முன்னிலையில், பதிவேட்டில் ஏறும். நியூரம்பெர்க்கும் அதைக் கேட்கும். அது உன் பெயர், என் பெயரன்று. உன் அனுமதியின்றி ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். காலம் குறைவு என்பதால் பங்கிராட்ஸை அந்தக் கிண்ணத்தோடு வரும்படி, காரணம் சொல்லாமல் அழைத்து வைக்கிறேன்; நீ மறுத்தால் அழைப்பை விலக்கிக்கொள்வேன். மறுத்தாலும் என்னால் இயன்றவரை வாதாடுவேன். வெல்வேன் என்று மட்டும் சொல்லமுடியாது.

உன் அண்ணன்,
எபர்ஹார்ட்


ஷ்வைன்ஃபுர்ட்,
2 செப்டம்பர் 1882

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும், இடையில் அறுவடைத் திருவிழா.

சொல்லுங்கள். முள்ளங்கியையும் விட்டுவிட வேண்டாம். பங்கிராட்ஸை அழைத்திருப்பதாக உங்கள் நீதிமன்ற ஓலை வந்தது என்று விடுதியில் பேச்சு. பெர்லினுக்கு ஓசிப் பயணம் என்று துள்ளுகிறார். கிண்ணத்தையும் எடுத்துவரச் சொன்னதற்குக் காரணம் புரியாமல் ஊரே மண்டையை உடைத்துக்கொள்கிறது. நான் வாய் திறக்கவில்லை.

நான் மட்டும் வரமாட்டேன். ஒருமுறை சிரித்ததைக் கேட்டாயிற்று.

தங்கள்,
காஸ்பர்


பெர்லின்,
28 செப்டம்பர் 1882

என் அன்புத் தம்பி காஸ்பருக்கு,

தந்தி கிடைத்திருக்கும். ஆட்சேபம் தள்ளுபடி, காப்புரிமை உனது. நடந்ததை முறையாக எழுதுகிறேன். தந்தியில் அதற்கு இடமில்லை.

ரூப்ரெஷ்ட் முதலில் வந்தார். தாம் கண்ட இயந்திரத்தை வரையுமாறு கேட்டேன். நல்ல கண் அவருக்கு. இரண்டு தட்டுகளையும் மிகச் சரியாக, ஒன்றன் நடுவுக்கு நேரே மற்றதன் நடுவாக, விலக்கல் ஏதுமின்றி வரைந்தார். இதில் உறுதியா என்றேன். ஆணையிட்டார். விடை தெரியாத கேள்வியை நான் மன்றத்தில் கேட்பதில்லை.

அடுத்து பங்கிராட்ஸ், கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு. தலைவர் பச்சைத் துணி விரித்த மேசைமேல் ஒன்றை உருட்டச் சொன்னார். அது மசிக்கூட்டைச் சுற்றிக்கொண்டு பக்கத்து உறுப்பினரின் மடியில் விழுந்தது. இரண்டாவதும் அவரையே நாடியது. தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். பிறகு உன் பெட்டியிலிருந்து ஒன்றை நான் உருட்டினேன். மேசையின் முழு நீளத்தையும் கடந்து எதிர்முனையில் நின்றவர் கையில் சேர்ந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

டெர்லெத்தின் இயந்திரம் இத்தகைய குண்டுகளைத் தருகிறது என்று எப்போது அறிந்தீர் எனப் பங்கிராட்ஸைக் கேட்டேன். அவர் குண்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்பதாங்கய்யா. நீங்க உருட்டித்தான் தெரியுது. நேத்து வண்டி ஏறுற வரைக்கும் நாங்க அவன முட்டைக்காரன்னுல்ல கூப்பிட்டுட்டிருந்தோம்."

அந்த ஒரு விடையோடு வாதம் முடிந்தது. எர்ல்வைனின் வழக்கறிஞர் தம் தாள்களை அடுக்கத் தொடங்கிவிட்டார்.

படிக்கட்டில் பங்கிராட்ஸ் என்னை நிறுத்தினார். "வக்கீலய்யா, ஈஸ்டர் அன்னிக்கே இது அவன் கையில இருந்துச்சா?" ஆம் என்றேன். "பாவிப்பய. கூட்டைக் கையில எடுத்துக்கிட்டு, 'நல்ல சாயம்'னு சொல்லிட்டு உள்ள போனானே" என்றார். பிறகு கிண்ணத்தைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடந்தார்.

கடைசியாக ஒரு திருத்தம். டிசம்பர் மூன்றாம் தேதியிட்ட என் கடிதத்தில், முடிந்த காரியத்தை மட்டும் எழுது என்றொரு வாக்கியம் உண்டு. அதை முழுமையாக ரத்து செய்கிறேன். முடியாதவற்றை எழுது. நொண்டுவதை, தரையில் விழுவதை எழுது. அவற்றை அறியாமல் நான் உனக்கு நல்ல வழக்கறிஞனாகவும் இருக்க முடியாது, அண்ணனாகவும் இருக்க முடியாது.

என்றும் உன்,
எபர்ஹார்ட்


ஷ்வைன்ஃபுர்ட்,
26 நவம்பர் 1882

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு எல்லோரும் நலம். உங்கள் தொண்டைக்கு முள்ளங்கிச் சாறு இரண்டு புட்டி தனியே வருகிறது.

ரத்து உத்தரவு கிடைத்தது. அதன்படி நடக்கிறேன். புதிதாகச் செய்த பெரிய இயந்திரம் ஓடவில்லை. ஓடினால் அடியிலுள்ள சுழல் தண்டு கத்துகிறது. ரூப்ரெஷ்ட் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். மேல் தட்டு இரண்டுமுறை விரிசல் கண்டது. சின்னக் குண்டுகள் சிக்கிக்கொண்டு ஒன்றையொன்று தின்கின்றன. ஏன் என்று தெரியவில்லை. தெரிந்துவிடும். தையல் இயந்திர மிதியும் பரணில்தான் இருக்கிறது; அதைப் பற்றி எட்டாவது கடிதம் வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

பங்கிராட்ஸ் பெர்லினிலிருந்து வந்த மறுநாள் பட்டறைக்கு வந்தார். கொக்கரிக்கவில்லை. நான் அவர் கையில் ஒரு குண்டை வைத்தேன். நெடுநேரம் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கென்னமோ முட்டைதான் ராசின்னு தோணுது" என்றார். கிண்ணத்தைத் திருப்பித் தரமாட்டாராம். அதன் கீழே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார்: டெர்லெத் பண்ணையின் முதல் ஈட்டு முட்டைகள், விற்பனைக்கு அல்ல. வருகிற வியாபாரிகள் அதைப் பார்த்துவிட்டுத்தான் என் வாசலுக்கு வழி கேட்கிறார்கள்.

ஜனவரியில் பன்றி விருந்து. பலகை பட்டறையில்தான், இயந்திரத்தின் மேல் இம்முறை போர்வை கிடையாது. முதல் சுற்றுக்கு முன்னால் தலைமாட்டிலிருந்து ஒரு குண்டை உருட்டப்போகிறேன். உப்புக் குவியல்களுக்கும் முள்ளங்கிக்கும் நடுவே அது நேராக வந்து சேரும்.

பலகையின் கடைசி இடத்தில் நீங்கள் உட்காருங்கள். பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்.

உங்கள்,
காஸ்பர்